‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொன்ன பிறகும் விமர்சகருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: “விமர்சகர்கள் கழுவி ஊற்றிய படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படத்தில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்றால், விமர்சனம் என்ற ஒன்று எதற்கு?”

தூங்கியதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தது, பிடிக்காதது இரண்டும் உங்களைப் பற்றிய செய்திகள். அதில் வாதாட யாருக்கும் இடமில்லை. ‘உனக்கு இது பிடித்திருக்கக் கூடாது’ என்று ஒரு விமர்சகர் சொன்னால் அவர் எல்லை மீறுகிறார் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் ‘இந்தப் படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது’ என்று நீங்கள் சொல்லும்போது பேச்சு உங்களை விட்டு விலகிப் படத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஆதாரம் கேட்கலாம், மறுக்கலாம், திரையில் போட்டுச் சரிபார்க்கலாம். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் சண்டை முடியாமல் நீள்கிறது.

‘முள்ளும் மலரும்’ (1978) படத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? விஞ்ச் ஆபரேட்டர் காளிக்கும் இன்ஜினீயர் குமரனுக்கும் படம் முழுக்க ஆகாது. கடைசியில் தங்கை வள்ளியை அதே இன்ஜினீயருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கும் காளி, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அனுப்புகிறான். தங்கைக்கு ஏற்ற மாப்பிள்ளை என்று ஒப்புக்கொள்கிறான். பிடித்துவிட்டதாகப் பொய் சொல்லவில்லை. ஒரு படத்தை இப்படி நடத்த முடிந்தவருக்கு விமர்சகரோடு சண்டையே வராது. நல்ல படம், ஆனால் எனக்கானது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். மோசமான படம், ஆனாலும் டிவியில் போட்டால் சேனலை மாற்ற மாட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்கிற விமர்சகர்களைத்தான் நான் நம்புகிறேன்.

படத்தைப் பற்றிய பேச்சைச் சரிபார்க்கலாம் என்றேனே, அதற்கு அண்மை உதாரணம் 2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’. படம் வெளியான அன்றே எழுந்த புகார்களில் ஒன்று, சத்தம் காதைப் பிளக்கிறது என்பது. இது ரசனையா, விமர்சனமா? சிலருக்குத் திரையரங்கு அதிர வேண்டும், சிலருக்கு வேண்டாம், ஆகவே ரசனை என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியே இந்தச் சத்தப் போட்டியைக் குறைசொன்னார். தயாரிப்பாளர் தரப்பு, ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. படத்துக்கு ஆதரவாக எழுதிய ஜோதிகாகூட முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். அதாவது, ‘எனக்குத் தலைவலி வந்தது’ என்று தொடங்கிய புலம்பல், ‘படத்தில் இந்த இடத்தில் இது இருக்கிறது’ என்று கைகாட்டும் பேச்சாக மாறியது. கைகாட்டியதும் எதிரணியில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. இந்த மாற்றத்தைச் செய்வதுதான் விமர்சகரின் வேலை. தொடங்குவது எல்லோரையும் போலத் தன் தலைவலியிலிருந்துதான்.

ஆகவே ரசனையே இல்லாத, தராசு பிடித்தாற்போன்ற விமர்சனம் என்று ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, நடிப்பு என்று ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி, ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை படத்துக்குப் பலம்’ என்று எழுதுகிறார்களே, அதில் படத்தின் பெயரை மாற்றிப் போட்டால் வேறு படத்துக்கும் அப்படியே பொருந்தும். அது விமர்சனத்தின் படிவம் மட்டும்தான்.

மதிப்பெண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் வாசகர் பலருக்கு விமர்சனம் என்றாலே மார்க்தான். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு நூற்றுக்குக் கொடுத்த 62.5 இன்றுவரை ஊர்க்கதையாகப் பேசப்படுகிறது. எங்கள் தலைமுறைக்கு வியாழக்கிழமை விகடனைப் புரட்டி முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். ஆனால் பாரதிராஜாவின் அந்த முதல் படம் 62.5 வாங்கியது என்று தெரிந்தவர்களில், எதற்காக வாங்கியது என்று அந்த விமர்சனத்திலிருந்து ஒரு வரி சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? எண் நின்றது, காரணம் உதிர்ந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்பதும் இதே கதை. விமர்சனத்தில் ஆகக் குறைந்த விலையுள்ள பகுதி அதன் தீர்ப்புதான். நாம் சண்டை போடுவது முழுக்க அந்தத் தீர்ப்போடுதான்.

தமிழில் இந்தச் சண்டை சினிமாவுக்கு முன்பே இலக்கியத்தில் நடந்து முடிந்திருக்கிறது. முடிந்தது என்பதுகூடத் தவறு, இன்னும் நடக்கிறது. ரசிகமணி டி.கே.சி. கம்பனைத் தன் வீட்டு ‘வட்டத்தொட்டி’ இலக்கியக் கூட்டத்தில் உட்கார்ந்து பாடிப் பாடி ரசித்தவர், கேட்டவர்களையும் ரசிக்கவைத்தவர். ஆனால் அவர் ரசனைக்கு ஒத்துவராத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றினார். ரசனை தானே நீதிபதியாகிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட அன்பான, இதைவிடக் கறாரான உதாரணம் எனக்குத் தெரியாது. விமர்சகர் க.நா.சு. இன்னொரு பக்கம்: படித்தார், தேர்ந்தார், பட்டியல் போட்டார். காரணம் அதிகம் சொல்ல மாட்டார், ‘படித்துப் பாருங்கள், தெரியும்’ என்கிற தோரணை. சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் வரி வரியாகப் பிரித்து அலசிக் காட்டாமல் ஒரு படைப்பை நல்லது என்று சொல்வதில் பொருளில்லை என்று நின்றார். இன்றைய சினிமாப் பேச்சில் மூவரின் வாரிசுகளும் இருக்கிறார்கள். நாயகன் நடந்து வந்தாலே விசிலடித்து அந்த விசிலையே வாதமாக வைப்பவர், ‘பார்த்தே தீர வேண்டிய 10 படங்கள்’ போடுபவர், ஒரே ஷாட்டை எடுத்துவைத்து அரை மணி நேரம் பேசுபவர். எனக்குக் கடைசி ஆள்தான் வேண்டும். ஆனால் முதல் ஆளின் உற்சாகம் கொஞ்சமும் இல்லாதவர் பேசினால் அரை மணி நேரம் தாங்காது.

கிண்டலுக்கும் இங்கே நீண்ட மரபு உண்டு. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடமேற்ற படம் வந்தது. அந்தக் காலத்தில் அவர் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பதே பெரிய பரபரப்பு. கல்கி அதற்கு விகடனில் எழுதிய விமர்சனத்தில், படத்தில் வரும் எருமையின் நடிப்பைப் பாராட்டிவைத்தார். யூடியூபில் உட்கார்ந்து படத்தை நக்கலடிப்பவர்களைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் விமர்சனம் எவ்வளவு கண்ணியமாக இருந்தது’ என்று பெருமூச்சு விடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிண்டல் தவறில்லை. ஆனால் கிண்டல் முடிந்த இடத்தில் ஒரு காரணம் மிஞ்ச வேண்டும். கல்கியின் எருமைக்குப் பின்னால் ஒரு புகார் இருந்தது: மனிதர்கள் நாடக மேடையைக் கேமராவுக்கு முன்னால் அப்படியே தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள், விலங்குதான் இயல்பாக இருக்கிறது.

அந்தப் புகார் நாற்பது ஆண்டு கழித்து வேறு ஒருவர் கையில் படமாகவே மாறியது. இயக்குநர் மகேந்திரன் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னாலேயே தமிழ்ப் படங்களின் இயல்பின்மையைக் கேலி செய்து பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, நல்ல விமர்சகராக வரக்கூடியவர் என்று பாராட்டினார். பிறகு மகேந்திரன் பத்திரிகையாளரானார், ‘துக்ளக்’கில் சினிமா விமர்சனம் எழுதினார். நடுவில் ‘தங்கப்பதக்கம்’ போல வசனத்திலேயே நிற்கும் படத்துக்கும் எழுதினார். அதன் கைதட்டல் அவருக்குத் தெரியாததில்லை. அப்படியிருந்தும், தானே ‘முள்ளும் மலரும்’ படத்தை இயக்க வந்தபோது வசனத்தைக் குறைத்தார். பாலு மகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும் பேச வேண்டிய இடத்தில் ஆட்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைக் கையில் எடுத்து ‘உதிரிப்பூக்கள்’ (1979) செய்தார்.

விமர்சனத்தால் என்ன பயன் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருந்தால் மகேந்திரனுக்கு அது ஒரு எரிச்சலாகவே நின்றிருக்கும். ஏன் பிடிக்கவில்லை, எந்த இடத்தில் பொய்யாகிறது என்று தேடியதால்தான் அதற்கு மாற்று என்ன என்பதும் தெரிந்தது. பிரான்சிலும் இதேதான் நடந்தது. 1951இல் தொடங்கிய ‘காயே து சினிமா’ இதழில் விமர்சகர் ஆந்த்ரே பசானின் நிழலில் கடுமையாக எழுதிக்கொண்டிருந்த இளைஞர்கள் — த்ரூஃபோ, கோதார் முதலானவர்கள் — அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கேமராவைத் தூக்கினார்கள்.

சரி, விமர்சகர்கள் தவறே செய்யவில்லையா? நிறைய. அதில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவில் 1967இல் நடந்தது. ‘பானி அண்ட் கிளைட்’ வெளியானபோது நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரௌதர் அதைக் கண்டபடி திட்டினார். சாதாரண ஆளில்லை, கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டெர்னும் திட்டித்தான் எழுதினார். ஆனால் அவர் மறுபடி போய்ப் பார்வையாளர்கள் நடுவே உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அடுத்த வாரம், நான் எழுதியது தவறு என்று இன்னொரு விமர்சனம் எழுதினார். அதன் பிறகு நியூயார்க்கர் இதழில் பாலின் கேல் ஒரு நீண்ட கட்டுரையில், வன்முறையும் சிரிப்பும் அந்தப் படத்தில் ஏன் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டிருக்கின்றன என்று வாதாடினார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரத்தம் தெறிப்பதால் பார்வையாளருக்கு வரும் திகைப்புதான் படத்தின் நோக்கம் என்பது அவர் கட்சி. கிரௌதர் கடைசிவரை மசியவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பில் அவர் இல்லை.

இதில் யார் ஜெயித்தார் என்பது எனக்கு முக்கியமில்லை. கிரௌதருக்கும் மார்கன்ஸ்டெர்னுக்கும் அந்தப் படம் முதலில் ஏற்படுத்திய அருவருப்பு ஒன்றுதான். ஒருவர் அந்த அருவருப்பையே தீர்ப்பாக வைத்துக்கொண்டார், மற்றவர் அதைச் சந்தேகப்பட்டார். ரசனை மாறாதது, தொடக்கூடாதது என்று நீங்கள் நினைத்தால் மார்கன்ஸ்டெர்னுக்கு நடந்ததை விளக்க முடியாது. நமக்கே நடப்பதுதானே இது? பதினைந்து வயதில் உயிராக இருந்த படம் முப்பத்தைந்தில் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. இடையில் யாரோ எதையோ காட்டியிருக்கிறார்கள், அல்லது வாழ்க்கை காட்டியிருக்கிறது.

தமிழில் இந்தத் திருத்தத்தைச் செய்தது பெரும்பாலும் விமர்சகர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து ஓடவில்லை. அந்தப் பொங்கல் ‘தூள்’ படத்தினுடையது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டுத்தான் அது வீட்டுப் படமானது. செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010இல் வந்தபோது குழப்பம், அதீத வன்முறை என்று பேசப்பட்டது. 2021 டிசம்பர் கடைசியில் மறுவெளியீடு செய்தபோது திருவிழாக் கூட்டம். இந்த இரண்டு படங்களுக்கும் முதல் வாரத்தில் பொறுமையாக எழுதிய ஒரு விமர்சகர் கூட்டம் இருந்து, அதற்குப் படிக்கிற கூட்டமும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. வசூல் மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் படம் எடுத்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பது மாறியிருக்கலாம்.

இன்னும் மோசமான உதாரணம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977). ஜான் ஆபிரகாம் இயக்கியது. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். அவரே தமிழின் கறாரான விமர்சகர்களில் ஒருவர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தமிழ்நாட்டில் அதைப் பார்த்தவர் மிகச் சிலர். இங்கே ‘மக்கள் ரசனை அப்படி’ என்று சொல்வதற்கு மக்களிடம் படம் போய்ச் சேரவே இல்லை. ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, எது நம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது, எது ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தது என்பதுதான். தேர்ந்தெடுத்தது நாம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

விமர்சனம் என்றாலே மெதுவாக நகரும் படங்களுக்கு வக்காலத்து என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். ‘கரகாட்டக்காரன்’ (1989) மதுரையில் ஒரு வருடம் தாண்டி ஓடியது. அதில் வரும் வாழைப்பழக் காமெடி ஏன் இன்றும் சிரிப்பு வரவைக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதினால் அது முதல்தரமான விமர்சனம்தான். கேட்கக் கேட்கக் கவுண்டமணிக்குக் கோபம் ஏறிக்கொண்டே போகிறது, செந்திலின் பதில் மட்டும் இம்மியும் மாறுவதில்லை. ஏமாற்றுகிறானா, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறானா என்பதைச் செந்திலின் முகம் கடைசிவரை காட்டிக்கொடுக்காது. கண்ணில் ஒரு திருட்டுத்தனம் தெரிந்திருந்தால்கூட அந்தக் காட்சி செத்திருக்கும். இதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் சிரிப்பு குறையாது. எனக்குக் கூடுகிறது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகியவை யூடியூப் விமர்சனங்களால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி, திரையரங்கு வளாகத்தில் பார்வையாளர் கருத்து எடுக்கும் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் 2024 நவம்பரில் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அது சரியான முடிவு. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர் வாயைப் பொத்த முடியாது. ஆனால் வாசலில் மைக்கை நீட்டியதும் ‘தலைவர் மாஸ்’, ‘ரெண்டாம் பாதி லேக்’ என்று வருவது ரசனையின் முதல் சத்தம். அதை விமர்சனம் என்று தயாரிப்பாளரும் பயந்து, சேனலும் விற்பதுதான் வேடிக்கை. இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே: முதல் வார இறுதி. படத்தைப் பற்றிய பேச்சு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பொய்யாகப் புகழ்ந்து எழுதவும், பொய்யாகத் திட்டி எழுதவும் காசு கைமாறுகிறது என்ற புகார் தொடர்ந்து வருவதும் அந்த மூன்று நாளைச் சுற்றித்தான்.

உங்கள் கேள்விக்கான நடைமுறைப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு விமர்சகரை நம்பாதீர்கள். அதற்கு உங்கள் ரசனை தெரிந்த சித்தி மகனோ, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரோ போதும். விமர்சனத்தைப் படம் பார்த்த பிறகு படியுங்கள். உங்களோடு ஒத்துப்போகிறவரைத் தேட வேண்டாம். எங்கே முரண்படுவார் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடிகிற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேய்ப்படம் என்றாலே அவருக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் ஒரு பேய்ப்படத்தைத் திட்டுவது உங்களுக்குப் பாதகமில்லை. பாராட்டிவிட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். கதைச்சுருக்கமே பாதி இடத்தை அடைத்திருந்தால் தாண்டிப் போகலாம். ஒரு காட்சியையாவது, ஒரு படத்தொகுப்பு வெட்டையாவது, ஒரு நடிகரின் ஒரு தயக்கத்தையாவது பெயர் சொல்லிக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு படம் சொல்கிறேன்: எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரிப்பு, சிவாஜி நடித்தது, ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டு எதிர்பார்த்து வந்த கூட்டம் ஏமாந்தது, படம் அப்போது தோற்றது. இன்று தமிழின் முக்கியமான படங்களில் ஒன்றாக எழுதப்படுகிறது. முதலில் எதையும் படிக்காமல் பாருங்கள். பிறகு தியடோர் பாஸ்கரன் போல ஆரம்பகாலத் தமிழ் சினிமாவை ஆவணங்களோடு எழுதியவர்களைப் படித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அதிலும் தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆனால் எந்தக் காட்சியில் கண் சொருகியது என்று மட்டும் குறித்துவைத்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.